உயிர் காத்தால் மட்டும் போதுமா?

நோயாளியின் உயிரைக் காத்துவிட்டால் அரசின் கடமை தீர்ந்துவிட்டதென எண்ணுவோர் இந்நாட்டில் இன்னும் உளர். அவர்களை நாம் பல்லேபொலைக்கு அழைக்கின்றோம்.

அங்கு வயலே கதியென வாழும் ஓர் உழவரைப் பாரிசவாதம் தாக்குகின்றதென வைத்துக்கொள்வோம். வைத்தியசாலை உயிரைக் காத்து வீட்டுக்கு அனுப்புகின்றது. ஆனால், கை மண்வெட்டியைப் பற்ற மறுக்கின்றது. தளர்ந்த கையை முறையறிந்து அசைக்காவிடின் மூட்டு இறுகும். இழந்த அசைவை மூளை மீளக் கற்பது பெரும்பாலும் முதற் சில மாதங்களிலேயே. அந்தக் கல்விக்கு ஆசிரியர் இயன்மருத்துவர். மாத்தளை நகரின் பெரிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பர். பஸ் கட்டணமும் இலவசமோ? துணைக்குச் செல்லும் மகன் இழக்கும் நாட்கூலியை எவர் ஈடுசெய்வார்?

நாம் கேட்பது தருமமன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்றுறுதி செய்தது. புனர்வாழ்வுச் சேவைகள், கிராமப் புறங்கள் உட்பட, மக்கள் வாழுமிடத்துக்கு இயன்றவரை அண்மையில் கிடைத்தல் வேண்டுமென அதன் 26ஆம் உறுப்புரை கூறுகின்றது. உலகறியக் கொடுத்த வாக்குறுதி பல்லேபொலையின் வரம்புகளுக்கும் உரியதன்றோ?

இயன்மருத்துவரை "உடம்பு பிடித்துவிடுபவர்" என இகழ்வோரும் உளர். அவர் நடந்து வந்த பாதையை இவர்கள் அறிவாரா? உயர்தரத்தில் உயிரியல் கற்று, கடும் போட்டியில் வென்று, பேராதனையிலோ கொழும்பிலோ நான்காண்டுகள் பயின்று, நோயாளியின் கட்டிலருகே பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவப் பேரவையிற் பதிவு பெறல் வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் நிழலிலே அவர் துணைத் தொழிலினராகவே கணிக்கப்படுகின்றார். ஆயுர்வேதத்துக்கு 1961இல் தனிச் சட்டம் வந்தது. தாதியர்க்கு 1988இல் தனிப் பேரவை அமைந்தது. இயன்மருத்துவர் செய்த குற்றம் யாது?

கேளாமல் எவர்க்கும் சட்டம் கிடைத்ததில்லை. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு நான்கு தாதியர் தம் தொழிலின் நற்பெயரைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1920இல் அச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டு மக்களவையில் வைக்கப்பட்ட இயன்மருத்துவப் பேரவை மசோதா நிறைவேறாமலே மடிந்தது. ஆயினும் கோரிக்கை மடியவில்லை. 2021இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயன்மருத்துவத்தையும் உள்ளடக்கிய தேசிய ஆணைக்குழுச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினான்கு ஆண்டுகள் கதவைத் தட்டியதன் பயன் அது!

நம் கோரிக்கைகள் மூன்று. தொழிலின் தரத்தையும் ஒழுக்கத்தையும் அத்தொழிலினரே பெரும்பான்மையாக அமர்ந்து காக்கும் பேரவை வேண்டும். பிரதேச வைத்தியசாலை தோறும் குறித்த நாட்களிலேனும் இயன்மருத்துவர் வருவதைச் சட்டம் கட்டாயமாக்கல் வேண்டும். தமிழ் நோயாளிக்குத் தமிழிற் சிகிச்சை வேண்டும். மாத்திரைக்கு மொழி தேவையில்லை. ஆனால் "மடக்குங்கள், பொறுங்கள், மெல்ல நீட்டுங்கள்" என்னும் சொல்லே இங்கு மருந்து. சொல் விளங்காவிடின் மருந்து எங்ஙனம் வேலை செய்யும்? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவதற்கன்று.

தொழில்சார் அன்பர்களே! பெயருக்கு முன் எந்தப் பட்டம் இடுவது என்ற வழக்கில் உங்கள் வலிமையைச் செலவிடாதீர்கள். நோயாளியை முன்னிறுத்திப் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டுங்கள். நாடு உங்கள் பக்கம் நிற்கும். உழவர் பெருமக்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் வாய்க்காலும் பாதையும் கேட்கின்றீர்கள். அவற்றோடு இதனையும் கேளுங்கள். வாய்க்காலில் நீர் வந்தாலும் மண்வெட்டி பிடிக்கக் கை வேண்டுமன்றோ?