ஆனந்தின் அதிர்ச்சி வைத்தியம்

செஸ்ஸில் யாராவது ஓப்பனிங்கிலேயே அதிர்ச்சி கொடுத்து ஜெயித்தால், "குருட்டு அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்பவர்கள் 2008 அக்டோபரில் பான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பைப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு ஆட்டங்களும் டிரா. மூன்றாவதில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். மெரான் வகையில் 14வது நகர்த்தலாக பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்தார். பி5-இல் இருந்த சிப்பாய் போனால் போகட்டும், கிராம்னிக்கின் ராஜாவைத் தாக்க வழி கிடைத்தால் போதும் என்பது கணக்கு. தன் ராஜாவையோ நடுவிலேயே விட்டுவிட்டார்! ஆனந்த் வீட்டில் யோசித்து வைத்திருந்ததை, கிராம்னிக் கடிகாரம் ஓட ஓடக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 41 நகர்த்தல்களில் ஆட்டம் ஆனந்துக்கு.

வெறும் அதிர்ஷ்டம் என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே பாதையில் துணிந்து வந்தார். ஆனந்தும் அதே பிஷப்பை அதே கட்டத்தில் வைத்தார். அதற்கு அடுத்த நகர்த்தலை மட்டும் மாற்றினார். மறுபடியும் வெற்றி! கடைசியில் 6.5-4.5 என்று பட்டமும் அவருக்கே.

ஒருமுறை பார்த்த பிறகும் எதிராளியால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அதன் பின்னால் இருப்பது வீட்டுப்பாடம்தான்.