சேலத்து ஃபைல்... கொல்கத்தா அதிகாரி!

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர் ஒருவர். அவருடைய வருமான வரிக் கணக்கு விரிவான ஆய்வுக்கு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்கப்போவது யார்?

சில வருடங்களுக்கு முன்பு இதற்குப் பதில் சுலபம். அவரது முகவரி எந்த வார்டில் வருகிறதோ, அந்த வார்டு அதிகாரி. ஆடிட்டருக்கு அவரைத் தெரியும். பில் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நேரில் போய் விளக்கிவிடலாம்.

இப்போது அந்த ஃபைல் யாரிடம் போகும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கொல்கத்தாவுக்குப் போகலாம், அகமதாபாத்துக்கும் போகலாம். அதிகாரிக்கு இவர் முகம் தெரியாது. இவருக்கு அதிகாரியின் பெயரும் தெரியாது. 2019 அக்டோபர் 7-ம் தேதி தொடங்கி, 2020 ஆகஸ்ட் 13-ல் பிரதமர் விரிவுபடுத்தி அறிவித்த 'முகமற்ற மதிப்பீடு' இதுதான்.

பல கைகள் மாறிப்போகும் வேலையை நிர்வகிக்கும் எந்த மென்பொருளுக்கும் முதல் கேள்வி, 'இதை யாரிடம் கொடுப்பது?' என்பதுதான். ஆளின் பெயரை முன்கூட்டியே எழுதிவைத்தால், அவர் லீவு போட்டாலோ, மாற்றலாகிப் போனாலோ வேலை அப்படியே நிற்கும். பதவியை எழுதிவைத்தால், ஒரு சீட்டில் ஃபைல் மலைபோலக் குவியும். பக்கத்து சீட் காலியாக இருக்கும். மூன்றாவது வழி, வேலை வந்து சேரும் நேரத்தில் யார் கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு இந்த வேலை தெரியும், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று பார்த்து அப்போதே ஆளை முடிவு செய்வது.

வரித் துறையின் விதிமுறை இதில் இன்னொன்றையும் சேர்த்தது. ஒதுக்கீடு குலுக்கல் போல இருக்க வேண்டும். யாரிடம் போகும் என்று முன்பே தெரியாவிட்டால், யாரையும் முன்கூட்டியே 'கவனிக்க' முடியாதே! அதோடு வேலையையும் பிரித்துவிட்டார்கள். மதிப்பிட ஒரு பிரிவு, விவரங்களைச் சரிபார்க்க ஒன்று, சட்ட நுணுக்கம் சொல்ல ஒன்று, வரைவு உத்தரவை மறுபரிசீலனை செய்ய இன்னொன்று. வங்கியில் ஒருவர் பதிவு செய்வதை மற்றொருவர் பார்த்து ஒப்புதல் தருகிறாரே, அதே தத்துவம்தான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், இதில் கைவிட்டுப்போவதும் ஒன்று உண்டு.

சேலத்தில் வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார். பட்டறைக்காரர் கொலுசாக்கித் திருப்பித் தந்து கூலி வாங்கிக்கொள்வார். பட்டறையில் இருக்கும் வெள்ளி அவருடைய சொத்து அல்ல. உள்ளூர் அதிகாரிக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. தூரத்தில் இருப்பவருக்கோ அது கணக்கில் வராத சரக்காகத் தெரியலாம். யார் கையில் வேலை குறைவு என்று மென்பொருள் சுலபமாக எண்ணிவிடும். யாருக்குக் கொலுசுத் தொழில் தெரியும் என்று எண்ணுவது அவ்வளவு சுலபமில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வீடியோவில் நேரடி விளக்கம் தரும் வாய்ப்பு இருக்கிறது. கேட்டும் அந்த வாய்ப்பு தரப்படவில்லை என்று வரி செலுத்துவோர் வழக்குப் போட, பல உயர் நீதிமன்றங்கள் அத்தகைய உத்தரவுகளை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கின்றன.

ஆகவே, நோட்டீஸ் வந்தால் பட்டறைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள 'டின்' எண்ணை. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு இந்த எண் கட்டாயம். அசல்தானா என்று இ-ஃபைலிங் தளத்திலேயே சோதிக்கலாம். அடுத்து, பதிலை இந்த ஊரையே பார்த்திராத ஒருவர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுத வேண்டும். வெள்ளி யாருடையது, எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ திரும்பியது, கிராமுக்கு என்ன கூலி என எல்லாவற்றையும் ரசீதுகளோடு விளக்குவது நல்லது. ரசீது தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். எழுத்தில் புரியவைக்க முடியாது என்று தோன்றினால், வீடியோ விசாரணையைக் கெடு முடிவதற்குள் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிட வேண்டும்.

'நேரில் போய்ச் சொல்லிக்கலாம்' என்று காத்திருந்தால், போய் நிற்க இப்போது வார்டு அதிகாரியின் மேஜை இல்லை.