கட்டணம் கட்டும் முன் வேலையின் பெயரைச் சொல்லுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் அனிமேஷன், வி.எப்.எக்ஸ்., கேமிங் படிப்புகளுக்கான விளம்பரங்கள் தவறாமல் கண்ணில் படும. ஒரு பக்கம் நெருப்பைக் கக்கும் டிராகன். மறுபக்கம் '100% வேலைவாய்ப்பு' என்ற வரி. வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, நாள் முழுக்க கேம்ஸ் விளையாடும் பையனோ பெண்ணோ இருந்தால், 'இதையே படிக்க வைத்துவிடலாமே' என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்புதான். கட்டணம் என்று வரும்போது லட்சத்தில் பேசுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டுபவர்களும் உண்டு.

இந்தத் துறைக்கு வரவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால், 'அனிமேஷன் படிக்கப் போகிறேன்' என்பது 'ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கப் போகிறேன்' என்பதைப் போன்றது. டாக்டராகவா, நர்ஸாகவா, லேப் டெக்னீஷியனாகவா? அது தெரியாமல் எந்தப் படிப்பில் சேர்வது? எந்த வேலை என்று பெயர் சொல்லத் தெரியும் வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

ஒரு காட்சி, பல கைகள்

கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்கிறார். திரையில் 5 வினாடி. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள். ஆக மொத்தம் 120 படங்கள். இந்த 120 படங்களிலும் நாயகனின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்து எடுப்பவர் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். அவரைத் தாங்கிய கம்பியை அழிப்பவர் பெயின்ட் ஆர்ட்டிஸ்ட். கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டுக் கம்ப்யூட்டருக்குள் அதே அசைவைக் கொண்டு வருபவர் மேட்ச்மூவ் ஆர்ட்டிஸ்ட்.

பின்னால் தெரியும் நகரத்தை உருவாக்குபவர் மாடலர். அதற்குச் சுவரின் நிறத்தையும் அழுக்கையும் தருபவர் டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட். கம்ப்யூட்டர் உருவத்துக்கு எலும்பு மாட்டுபவர் ரிக்கர். அதை நடக்க வைப்பவர் அனிமேட்டர். தீ, புகை, தண்ணீர் எல்லாம் எப்.எக்ஸ். ஆர்ட்டிஸ்ட் பொறுப்பு. ஒளி அமைப்பவர் ஒருவர். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பவர் கம்பாசிட்டர். இவர்களுக்கான சாப்ட்வேர் கருவிகளை எழுதும் புரோகிராமர்கள் தனி. யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று பார்த்துக் கொள்ளும் நிர்வாகிகள் தனி.

கேம்ஸ் துறையிலும் இதே கதைதான். விதிகளை வகுப்பவர் கேம் டிசைனர். அவருக்குப் படம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் அமைப்பவர் லெவல் டிசைனர். பிறகு புரோகிராமர், ஆர்ட்டிஸ்ட், ஒலி அமைப்பாளர். டெஸ்டர் என்பவர் ஜாலியாக விளையாடிக் கொண்டிருப்பவர் அல்ல. ஒரே கதவை நூறு முறை திறந்து, எந்த முறை புரோகிராம் நின்று போகிறது என்று குறித்துத் தருபவர். நன்றாகச் சாப்பிடுபவர் எல்லாம் சமையல்காரர் ஆகிவிடுவதில்லை. நன்றாக கேம் விளையாடுபவருக்கும் இது பொருந்தும்.

முதல் படியும் அடுத்த படியும்

சென்னை, ஹைதராபாத், பெங்களூர், மும்பை நிறுவனங்களுக்கு வெளிநாட்டுப் படங்களின் வேலை நிறைய வருகிறது. அதில் பெரும் பகுதி ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். புதிதாகச் சேர்பவர்களில் பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. பொறுமையும் கண்ணும் பழகும் இடம் அது.

ஆனால் டிராகன் விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவருக்கு, எட்டு மணி நேரம் முடிக்கற்றையைச் சுற்றிக் கோடு போடுவது பெரிய ஏமாற்றம். மேலும், இந்த வேலைகளில்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைத்திருக்கிறது. உருவத்தைச் சுற்றி முதல் கோட்டை இப்போது சாப்ட்வேரே போட்டு விடுகிறது. பறக்கும் முடி, வேகத்தில் மங்கிய கை போன்ற இடங்களைச் சரிசெய்யத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. எனவே 'ரோட்டோவில் நுழைந்து கம்பாசிட்டிங் போவேன்' என்று அடுத்த படியையும் சேர்த்துச் சொல்பவர் பிழைப்பார். முதல் படியிலேயே உட்கார்ந்து விடுபவருக்குச் சிரமம்.

விருதும் திவாலும்

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைப் ஆப் பை' படத்தின் புலியை நினைவிருக்கும். அதை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படம் விஷுவல் எபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் விருதை வென்றது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தது. 'தி ஜங்கிள் புக்' படத்தில் பெரும்பங்கு உழைத்த எம்.பி.சி. அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. பெங்களூர், மும்பை அலுவலகங்களும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கேம்ஸ் துறையிலும் 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் பெரிய அளவில் ஆள் குறைப்பு நடந்தது.

காரணம் புரியாத மர்மம் அல்ல. வேலையை முன்கூட்டியே ஒரு தொகை பேசி எடுக்கிறார்கள். இயக்குநர் பத்து முறை மாற்றச் சொன்னாலும் தொகை பெரும்பாலும் மாறாது. லாபம் மெலிந்து போகிறது. எனவே நிறுவனம் கவிழ்ந்தாலும் கையோடு வரும் திறமை வேண்டும். கம்பாசிட்டிங் தெரிந்தவர் விளம்பரப் படத்துக்குப் போகலாம். 3டி மாடலிங் தெரிந்தவருக்குக் கட்டடக் கலைஞர்களிடம் வேலை உண்டு. கேம் புரோகிராமர் எந்தச் சாப்ட்வேர் நிறுவனத்திலும் நுழையலாம்.

மூன்று மாதம் வீட்டிலேயே

இனி நல்ல செய்தி. எந்த வேலை பிடிக்கிறது என்று பார்க்கப் பணமே வேண்டாம். ப்ளெண்டர் என்ற 3டி சாப்ட்வேர் முழுக்க இலவசம். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வென்ற லாட்வியா நாட்டின் 'ப்ளோ' இதில்தான் உருவானது. கம்பாசிட்டிங் பழக டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். தீ, தண்ணீர் பழக ஹூடினி அப்ரென்டிஸ். கேம்ஸுக்கு கோடோ முற்றிலும் இலவசம். யூனிட்டி, அன்ரியல் இரண்டையும் கற்பவர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 8 ஜிபி மெமரி உள்ள கம்ப்யூட்டரில் ப்ளெண்டர், கோடோ இரண்டையும் தொடங்கலாம். மற்றவற்றுக்கு 16 ஜிபியும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நல்லது.

முதல் மாதம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது மாதம், நண்பர் நடப்பதைச் செல்போனில் 5 வினாடி படம் எடுத்து, ஒவ்வொரு பிரேமிலும் அவரைப் பிரித்தெடுங்கள். அல்லது ஒரு நாற்காலியை மாடல் செய்யுங்கள். அல்லது ஒரு பந்து, இரண்டு விதிகள் உள்ள சின்ன கேம் ஒன்றை முடியுங்கள். மூன்றாவது மாதம், எதைச் செய்யும்போது சாப்பாட்டு நேரம் மறந்து போனதோ அதை மட்டும் செய்யுங்கள். அதுதான் உங்கள் வேலையின் பெயர்.

சின்னக் குழு என்று தயங்கவும் வேண்டாம். 2024-ல் ஆஸ்கார் வென்ற 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' படத்தின் 610 எபெக்ட்ஸ் காட்சிகளைச் செய்தவர்கள் சுமார் 35 பேர். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் இட்லி, பிரியாணியை வைத்து விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா', 2024-ல் அறிமுக கேமுக்கான பாப்டா விருது பெற்றது. நம் வீட்டுச் சமையலறைகூட ஒரு கேம் ஆகலாம்.

'வீட்டிலேயே கற்க முடியுமென்றால் பயிற்சி மையம் எதற்கு?' என்று கேட்கலாம். தவறைச் சுட்டிக்காட்ட அனுபவசாலி ஒருவர் இருப்பது பெரிய விஷயம். கூடப் படிப்பவர்களின் போட்டியும் உதவும். சேருங்கள். ஆனால் சேரும் முன் கேளுங்கள். கற்றுத் தருபவர் அந்த வேலையை நிறுவனத்தில் செய்தவரா? சென்ற ஆண்டு மாணவர்களின் ஷோரீலைக் காட்ட முடியுமா? வேலைவாய்ப்பு என்றால் எந்த வேலை, என்ன சம்பளம் என்று எழுதித் தருவீர்களா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தத் துறையில் சான்றிதழைவிட, நீங்கள் செய்ததைக் காட்டும் ஒன்றிரண்டு நிமிட ஷோரீல்தான் கதவைத் திறக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படம் முடிந்ததும் திரையில் பெயர்ப் பட்டியல் ஓடுமே, அதில் எந்தத் தலைப்பின் கீழ் உன் பெயர் வர வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் இன்னும் மூன்று மாதம் ப்ளெண்டரோடு இருக்கட்டும். கூடுதல் செலவு கரண்ட் பில்லும் இன்டர்நெட் கட்டணமும்தான்.