தூண்டில் வாங்கினால் போதுமா?



லீவு விட்டாச்சு. வாட்ஸ்அப் குரூப்பில் பொடியன்மாரின் திட்டம் தயார்: "விடிய கிட்டங்கிக்கு மீன் பிடிக்கப் போவம்." தூண்டில் யார், மண்புழு யார், சாப்பாடு யார் என்று எல்லாம் பிரிச்சாச்சு. தண்ணி எப்படி இருக்கு என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

பொடியன்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை பெரியவர்களான நம்மிடம்தான். ஆற்றில் ஒரு பிள்ளை மூழ்கிப் போனால் "கத்ர்" என்று சொல்லி ஜனாஸாவை அடக்கிவிட்டு வருகிறோம். கத்ரை நாம் நம்புகிறோம். ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கட்டாமல் விட்ட நம் கவனக்குறைவுக்குக் கத்ர் என்று பெயர் வைக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

2024 நவம்பர் 26ஐ மறந்துவிட்டோமா? மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனது. அந்தப் பிள்ளைகள் மீன் பிடிக்கப் போகவில்லை, வீட்டுக்குப் போனார்கள். உழவு இயந்திரத்தையே புரட்டிய தண்ணி, கரையில் தூண்டிலோடு நிற்பவனை விட்டுவைக்குமா?

"எங்கட வாப்பாமார் போகல்லியா?" என்று கேட்பவர்களுக்கு: போனார்கள். ஆனால் ஆறு தெரிந்த ஒரு மூத்தவரோடு போனார்கள். எங்கே ஆழம், எங்கே முதலை கிடக்கும், முகத்துவாரம் வெட்டினால் தண்ணி எப்படி இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்று பொடியனுக்குத் தெரிந்தது கூகுள் மேப் மட்டும்.

மீன் பிடிக்கப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திட்டம் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை, மாரி மழையில், ஆற்றுப் பக்கம் வேண்டாம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போகட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் போனில் போட்டு வையுங்கள். லன்ச் ஷீட்டையும் போத்தலையும் ஆற்றில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் ஒரு கோரிக்கை. ஜனாஸா அறிவிக்கிற அதே ஒலிபெருக்கியில், லீவுக்கு முந்திய ஜும்ஆவில் இதையும் ஒரு தரம் சொல்லுங்கள். அறிவித்தலுக்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு பிள்ளையைத் தேடி ஆற்றங்கரையில் ஊரே நிற்கிற இரவு அப்படி முடியாது.