நூற்றியோராவது ஆள்

பி.காம். படித்தவனுக்கு 'சி' மொழி எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போட புரோகிராம் வேண்டும் என்றார்கள், போனேன். மொத்தம் 98 பேர். தாராளமாக நூறு இடம் விட்டு ஒரு அர்ரே போட்டேன். (வடக்கே ஆளைக் கூப்பிடுகிற 'அரே' இல்லை ஸார், வரிசையாகப் போட்ட நாற்காலி மாதிரி.)

சில மாதத்தில் நூற்றியோராவது ஆளாக ஒரு வாட்ச்மேன் சேர்ந்தார். 'சி' என்ன செய்யும்? "ஹவுஸ்ஃபுல், போய்யா" என்று விரட்டாது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியபோதே அதற்குப் போலீஸ் உத்தியோகம் தரவில்லை. வாட்ச்மேன் சம்பளம் பக்கத்திலிருந்த 'மொத்தத் தொகை'யின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கணக்கு உதைத்தது. பழி யார் மேல்? கேஷியர் மேல். இரண்டு நாள் மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு 'மாலக்', 'ரீஅலாக்' பக்கம் போனேன். ஓடும்போதே மெமரி கேட்டு வாங்கும் வித்தை. ரீஅலாக் நல்ல வீட்டுக்காரர். கூடுதல் இடம் கேட்டால், பக்கத்து போர்ஷன் காலியாயிருந்தால் சேர்த்துக் கொடுப்பார். இல்லையென்றால் வேறு வீடு பார்த்து, சாமான்களையும் அவரே கொண்டுபோய் வைப்பார். பழைய விலாசத்தைப் பாயிண்டரில் குறித்து வைத்திருந்தவன் கதி? பூட்டின வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதுதான். சில நாள் பேய் கதவைத் திறக்கும், அது இன்னும் மோசம்.

ஆளுக்கு ஒரு தரம் வீடு மாற்றக்கூடாது. ஒவ்வொன்றாக ஆயிரம் பேரைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் 4,99,500 தடவை சாமான் தூக்கவேண்டும். நிரம்பும்போதெல்லாம் இடத்தை இரட்டிப்பாக்கினால்? ஒன்றில் ஆரம்பித்தாலும் 1,023-தான். நம்ப முடியாமல் பேப்பரில் கூட்டிப் பார்த்தேன், காமர்ஸ் புத்தி.

இன்னொரு பள்ளம். இடம் இல்லையென்றால் ரீஅலாக் 'நல்' என்று வெறுங்கையை நீட்டும். பழைய வீடு அப்படியே இருக்கும். ஆனால் பதிலைப் பழைய சாவி மாட்டின ஆணியிலேயே மாட்டினால் சாவி போச்சு, வீடு இருந்தும் உள்ளே போகமுடியாது. பதிலை வேறொரு பாயிண்டரில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்று. வேலை முடிந்ததும் 'ஃப்ரீ' சொல்லிக் காலி பண்ணு. ஒரே ஒரு தரம்தான், இரண்டு தரம் சொன்னால் வம்பு.

அடுத்த மாதக் கணக்கு பைசா சுத்தமாக வந்தது. கேஷியர் சிரித்தார். ஆனாலும் சம்பள நாளில் என்னைக் கண்டால் கேட்கத் தவறமாட்டார்: "தம்பி, யாராச்சும் புதுசா சேர்ந்திருக்காங்களா?"