நகம்தானே என்று சொல்லாதீர்கள்!

"நகம்தானே, திரும்ப முளைக்கும்!" விரல் நசுங்கி நிற்கும் தொழிலாளிக்குத் தோட்டங்களில் கிடைக்கும் ஆறுதல் இது. ஒரு சீலைத்துண்டைச் சுற்றி மறுபடியும் வேலைக்கு அனுப்புகிற தந்திரமும் இதுதான்.

தோழர்களே! பளை, இயக்கச்சித் தென்னந்தோட்டங்களில் எங்களுக்கு இருக்கும் முதல் என்ன? பத்து விரல்கள். அலவாங்கில் தேங்காய் உரிப்பவருக்கும், கத்தி பிடிப்பவருக்கும், மலையகத்தில் கொழுந்து பறிக்கும் சகோதரிக்கும் விரல்நுனிதான் சோறு போடுகிறது.

நகம் முளைக்கும் என்பது பாதி உண்மை. கைநகம் முழுதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். அடியிலுள்ள சதை கிழிந்து, தைக்காமல் விட்டால் நகம் பிளந்து கோணலாகவே வளரலாம். உள்ளே எலும்பு உடைந்திருந்தால் அதை எக்ஸ்ரே காட்டும்; கங்காணியின் கண் காட்டாது.

ஆகவே, காயம்பட்டால் கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். தொங்கும் நகத்தைப் பிடுங்காதீர்கள். நுனி துண்டாகிப் போனால் அதை எறியாதீர்கள்: கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டில் ஐஸ் நேரே படக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. ஏற்புத் தடுப்பூசி பற்றித் தாதியிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: "வேலையில் பட்ட காயம்." அது துண்டில் எழுதப்படட்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் விரல் இழப்பையும் கணக்கில் எடுக்கிறது. பதிவில்லாத காயத்துக்கு நட்டஈடு கேட்டு அலைவது யார்? நாங்கள்தான். அதனால்தான் "சின்னக் காயம்" என்று சொல்வதில் அவர்களுக்கு இவ்வளவு அவசரம்!

நாங்கள் கேட்பது பிச்சை அல்ல. ஒவ்வொரு வேலைத்தளத்திலும் முதலுதவிப் பெட்டி வேண்டும். காயப்பட்டவரை ஏற்றிச்செல்ல வாகனம் வேண்டும். விபத்து அன்றைக்கே பதியப்பட வேண்டும். வைத்தியசாலைக்குப் போன நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது.

நகம்தானே என்பவர்கள், ஒரு நாள் அந்த விரலோடு நூறு தேங்காய் உரித்துக் காட்டட்டும். பிறகு பேசுவோம்!