நாற்புறமும் திரையானால் கதை எங்கே?

திரைப்படத்தின் வலிமை காட்டுவதில் மட்டுமன்று. காட்டாது விடுவதிலும் உள்ளது. மக்கள் காண வேண்டியதை இயக்குநர் திரையின் நான்கு விளிம்புகளுக்குள் அடக்கி, ஏனையவற்றை விலக்கிவிடுகிறார். கண்களை மூடி அணியும் கருவியின் வழியே காணும் மெய்நிகர்த் திரைப்படத்திலோ இவ்விளிம்புகள் இல்லை. தலையைத் திருப்பும் திசையெல்லாம் காட்சியே. பார்ப்பவர் வானத்தை நோக்கியிருக்கையில் கதை அவர் முதுகுப்புறம் நடந்து முடிந்துவிடலாம்.

கல்விப் படங்களில் இக்குறை பெருங்கேடு விளைப்பதாகும். பாலக்காடு–கோவை ரயில் பாதையில், வாளையாற்றுக்கு அண்மையிலுள்ள நவக்கரையில், 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில் பயிலும் மாணவனுக்கு அப்பாதையின் அபாயத்தை மெய்நிகர்ப் படத்தால் உணர்த்த விழைகிறோம் எனக் கொள்வோம். யானைகள் தண்டவாளத்தில் ஏறும் நொடியில் அவன் எதிர்ப்புறம் நோக்கியிருந்தால், காட்டைக் கண்டிருப்பான். பாடத்தைக் கண்டிருக்க மாட்டான்.

எங்கும் நோக்கும் உரிமையே இக்கலையின் சிறப்பு என்பர் சிலர். ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டுவதற்கு அது பொருந்தும். கதைக்கோ முன்னும் பின்னும் உண்டு. காரணமும் விளைவும் உண்டு. அவற்றுள் ஒன்று தவறினும் பொருள் சிதையும். காட்சிகளை விரைவாக வெட்டி மாற்றினால் திசைமயக்கமும், காமிராவை ஓடவிட்டால் தலைசுற்றலுமே மிஞ்சும்.

கண்ணை வற்புறுத்தாமல் வழிநடத்தும் முறையை நம் பழங்கலைகள் அறிந்திருந்தன. பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக் கூத்தில் திரை 42 அடி நீளமுடையது. அதன் பின்னே 21 விளக்குகள் எரியும். அத்துணை நீண்ட திரையிலும் பேசும் பாவையின் கையசைவும், கூத்தரின் குரலும் நோக்கைத் தம்பால் ஈர்க்கின்றன. ஏ. ஆர். ரகுமான் இயக்கி, 2022-இல் கான் திரைப்பட விழாவை ஒட்டிக் காட்டப்பெற்ற ‘லே மஸ்க்’ என்னும் மெய்நிகர்ப் படம், நறுமணத்தையும் இருக்கையின் அசைவையும் கதைக்குத் துணையாகக் கொண்டது. கண்ணுக்கு வழிகாட்டப் பிற புலன்கள் உதவும் என்பதே இவற்றின் பாடம்.

ஆகவே, இத்தகைய படங்களை ஆக்குவோரும் தேர்வோரும் மூன்றினைக் கருதுதல் நலம். முதலாவது, சுற்றிலும் பார்த்து முடிக்க அவகாசம் தந்த பின்னரே விளக்கவுரை தொடங்க வேண்டும். இரண்டாவது, காட்சிக்கு முன் ஒலி வர வேண்டும். கிளை முறியும் ஓசை ஒரு திசையில் எழுந்து, மாணவன் திரும்பிய பின்னரே யானை தோன்ற வேண்டும். மூன்றாவது, ஒரே நேரத்தில் இரு திசைகளில் முக்கிய நிகழ்ச்சிகள் நிகழலாகாது.

படம் முடிந்தபின் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. கருவியை அணிந்த ஒவ்வொருவரும் தனியே கண்டனர், வெவ்வேறாகவும் கண்டிருப்பர். “நீ என்ன கண்டாய்?” என ஒவ்வொருவரையும் வினவி, விடைகளை ஒருங்கே வைத்தால்தான் பிரிந்து கண்ட வகுப்பு ஒரு கதையை முழுமையாகப் பெறும். அதற்கு நேரம் ஒதுக்காத பள்ளிக்கு, இக்கருவி விலையுயர்ந்த வேடிக்கையாகவே முடியும்.